பன்னிரண்டில் இருவரின் சந்தேகம்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலத்தில், ஒரு மனிதனை ஆயுள்முழுவதும் சிறைக்கு அனுப்புவதற்கு 2018 ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு ஜூரர்களில் பத்துப் பேர் 'குற்றவாளி' என்று சொன்னால் போதுமானதாக இருந்தது. எஞ்சிய இருவர் என்ன நினைத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. அதே மாநிலத்தில் சிறிய குற்றங்களை விசாரிக்கும் ஆறு பேர் கொண்ட ஜூரிகள் சபை ஏகமனதாகத் தீர்ப்பளிக்க வேண்டும். மரணதண்டனை வழக்குகளிலும் பன்னிரண்டு பேரும் ஒருமித்தாக வேண்டும். இடையில் இருந்த பாரதூரமான குற்றங்களுக்கு மாத்திரமே பத்துக்கு இரண்டு என்ற கணக்கு. ஒரு சிறு களவுக்காக ஒருவனைச் சிறையில் அடைப்பதற்குத் தேவைப்பட்ட ஒருமித்த கருத்து, பரோல் இல்லாத ஆயுள்தண்டனைக்குத் தேவைப்படவில்லை. இந்த விசித்திரத்தை அந்த மாநிலத்தின் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் தலைமுறை தலைமுறையாகப் பழகிப் போயிருந்தார்கள்.

அந்த விதியை 2018 நவம்பர் 6 ஆம் திகதி லூசியானாவின் சாதாரண வாக்காளர்கள் நீக்கினார்கள். அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. எழுதப்படவேண்டியது என்று நான் கருதுவதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் தெளிவாகும்.

முதலில் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னர் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்புத் திருத்தங்கள் கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையையும் வாக்குரிமையையும் கொடுத்தன. ஜூரிகள் சபையில் இருந்து அவர்களைச் சட்டம் போட்டு விலக்கிவைக்க முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1880 ஆம் ஆண்டு கூறியது. நேர்வழி அடைபட்டதும் லூசியானாவின் வெள்ளையின ஆட்சியாளர்கள் சுற்றுவழி தேடினார்கள். 1898 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் வெள்ளையர்கள் மாத்திரமே பிரதிநிதிகளாக இருந்தார்கள். வெள்ளை இனத்தின் மேலாதிக்கத்தைச் சட்டம் இடமளிக்கும் எல்லைவரை நிலைநாட்டுவதே மாநாட்டின் முதற்பணி என்று அதன் நீதித்துறைக் குழுவின் தலைவர் பகிரங்கமாகவே சொன்னார். வெட்கமோ தயக்கமோ இல்லாமல் சொன்னதால்தான் இன்று அது ஆவணமாக இருக்கிறது. தங்களது நோக்கத்தை அவ்வளவு வெளிப்படையாகப் பதிவுசெய்துவைக்கிற ஆட்சியாளர்கள் பிற்காலத்தில் அரிதாகிவிட்டார்கள்.

அந்த மாநாடுதான் வாக்காளர் பட்டியலில் இருந்து கறுப்பினத்தவர்களைத் துடைத்தெறிந்தது. 1896 இல் 130,334 ஆக இருந்த பதிவுசெய்யப்பட்ட கறுப்பின வாக்காளர்களின் தொகை 1900 இல் 5,320 ஆகச் சுருங்கியது. அதே கையோடு, பன்னிரண்டு ஜூரர்களில் ஒன்பது பேரின் சம்மதம் தீர்ப்புக்குப் போதுமானது என்ற ஏற்பாட்டையும் மாநாடு அரசியலமைப்பில் எழுதியது. ஒரு சபைக்குள் ஒருவரோ இருவரோ மூவரோ கறுப்பினத்தவர் வந்து அமர்ந்தாலும் அவர்களின் குரலுக்குப் பெறுமதி இருக்கக்கூடாது. ஆசனம் உண்டு, ஆனால் அந்த ஆசனத்தில் இருப்பவரின் 'இல்லை' செல்லாது. 1974 இன் புதிய அரசியலமைப்பு ஒன்பதைப் பத்தாக உயர்த்தியது. விதி அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1972 இல், மாநிலங்கள் இத்தகைய விதியை வைத்திருப்பதில் தவறில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றமும் பிளவுபட்ட தீர்ப்பொன்றின் மூலம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதே விதியைக் கைக்கொண்ட இன்னொரு மாநிலம் ஓரிகன். அங்கு அது 1934 இல் வந்தது. அதன் வரலாற்றை என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் கூச்சத்துடன்தான் படிக்கவேண்டும். யூதர் ஒருவருக்கு எதிரான கொலை வழக்கில் ஒரேயொரு ஜூரர் இணங்க மறுத்ததால் தண்டனை குறைந்துபோனது. உடனே அந்த மாநிலத்தின் முன்னணி நாளேடு, தென்னைரோப்பாவில் இருந்தும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்தும் வந்து குடியேறியவர்கள் ஜூரி முறைக்குப் பழக்கப்படாதவர்கள், அதனால்தான் இந்த முறை சீரழிகிறது என்ற தொனியில் எழுதியது. மக்களும் வாக்களித்து ஏகமனதான தீர்ப்பு என்ற விதியைக் கைவிட்டார்கள். மக்கள் வாக்களித்தால் நீதி தானாகவே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஓரிகனின் 1934 ஆம் ஆண்டை மறக்கக்கூடாது. ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதி ஊக்குவித்த அநீதியை ஏறத்தாழ 84 வருடங்களுக்குப் பிறகு இன்னொரு மாநிலத்தில் வேறொரு பத்திரிகை கணக்கெடுத்து அம்பலப்படுத்தியது.

லூசியானாவின் 'தி அட்வகேட்' நாளேட்டின் செய்தியாளர்கள் செய்த வேலை பார்ப்பதற்கு மிகவும் சலிப்பூட்டுவது. எத்தனை பேர் பிளவுபட்ட ஜூரிகளினால் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு மாநில அரசாங்கத்திடம் இருக்கவில்லை. எனவே, அவர்கள் நீதிமன்றங்களின் பதிவேடுகளைத் தேடிச் சென்று, ஆறு ஆண்டுகளில் நடந்த ஏறத்தாழ ஆயிரம் விசாரணைகளின் கோப்புகளைப் புரட்டினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட சபைகள் வழங்கிய குற்றத்தீர்ப்புகளில் ஏறக்குறைய 40 சதவீதமானவற்றில் ஒரு ஜூரரோ இரு ஜூரர்களோ 'குற்றவாளி அல்ல' என்று சொல்லியிருந்தார்கள். கறுப்பின எதிரிகளின் வழக்குகளில் அந்தப் பிளவு வெள்ளையரின் வழக்குகளை விடவும் அதிகம். மறுத்து நின்ற ஜூரர்களிலும் கறுப்பினத்தவர்களே விகிதாசாரத்துக்கு மிஞ்சிக் காணப்பட்டார்கள். 1898 ஆம் ஆண்டின் கனவான்கள் திட்டமிட்ட இயந்திரம் 120 வருடங்களுக்குப் பின்னரும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். அந்தத் தொடருக்காக அந்த நாளேட்டுக்கு 2019 ஆம் ஆண்டின் உள்ளூர்ச் செய்தியாக்கத்துக்கான புலிட்சர் விருது கிடைத்தது.

நீதிமன்றச் செய்திகளை எழுதிய ஒருவன் என்ற முறையில் எனக்கு இந்த வேலையின் பாரம் விளங்கும். நாம் தீர்ப்பு நாளன்று போவோம், எதிரி அழுதானா சிரித்தானா என்று எழுதுவோம், மறுநாள் வேறு வழக்கு. ஒரே நீதிமன்றத்தில் ஒரு வருடத்தில் வந்த தீர்ப்புகளை அடுக்கிவைத்துப் பார்க்கவேண்டும் என்று எந்தச் செய்தி ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால், பத்திரிகை மாத்திரம் சாதித்த காரியமல்ல இது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் நோரிஸ் ஹெண்டர்சன். பத்துக்கு இரண்டு என்று பிளவுபட்ட ஜூரிகளினால் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு 27 வருடங்களைச் சிறையில் கழித்தவர். அங்கோலா என்று அழைக்கப்படும் லூசியானாவின் அந்தப் பெருஞ்சிறை ஒரு காலத்தில் அடிமைகள் வேலை செய்த தோட்டம். அங்கு இருந்தபோது கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யக் கற்றுக்கொண்ட ஹெண்டர்சன், வெளியே வந்த பின்னர் 2004 இல் முன்னாள் கைதிகளின் அமைப்பொன்றை ஆரம்பித்தார். ஏகமனதான ஜூரிகளுக்கான பிரசாரத்தை அவரே வழிநடத்தினார். கல்வின் டங்கன் என்ற இன்னொருவரும் அதே சிறையில் 28 வருடங்கள் இருந்தவர். சட்டத்தை அங்கேயே படித்து, பிளவுபட்ட தீர்ப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டச் செய்தவர். வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டவர்களில் பரோலில் இருந்த முன்னாள் கைதிகள் இருந்தார்கள். அன்றைய சட்டப்படி பரோலில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. தங்களுக்கு இல்லாத வாக்கைப் பயன்படுத்துமாறு அவர்கள் அயலவர்களிடம் மன்றாடினார்கள்.

சட்டமன்றத்தில் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த சனநாயகக் கட்சி செனட்டர் ஜே.பி.மொறெல். மக்களின் வாக்கெடுப்புக்கு அனுப்புவதற்கே இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. அந்தச் சபைகளோ குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. இந்த இடத்தில்தான் இயக்கத்தின் சாமர்த்தியத்தைக் கவனிக்கவேண்டும். கறுப்பினத்தவர்கள் மத்தியில் அவர்கள் 1898 ஐப் பற்றிப் பேசினார்கள். வெள்ளையினப் பழைமைவாதிகளிடம் போனபோது வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: அரசாங்கம் உங்களுடைய சுதந்திரத்தைப் பறிக்கவருகிறபோது அது பன்னிரண்டு பேரையும் நம்பவைக்கவேண்டாமா? அரசாங்கத்தின் மீது இயல்பாகவே சந்தேகம் கொண்ட மனிதர்களுக்கு இந்தக் கேள்வி உடனே பிடிபட்டது. முன்னாள் மாவட்ட வழக்குத்தொடுநரும் குடியரசுக் கட்சிக்காரருமான எட் டார்ப்லி ஊர் ஊராகச் சென்று பேசினார். கோக் சகோதரர்களின் பணத்தில் இயங்கிய வலதுசாரி அமைப்பும் இடதுசாரி மனித உரிமை அமைப்புகளும் ஒரே பக்கத்தில் நின்றன. இரு பெரிய கட்சிகளின் மாநிலக் கிளைகளும் ஆதரவளித்தன. அன்றைய சட்டமா அதிபர் ஜெஃப் லாண்ட்ரி எதிர்த்தார்.

திருத்தம் 64 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் டொனால்ட் ட்ரம்புக்கு 58 சதவீத வாக்குகளைக் கொடுத்த மாநிலம் அது.

இது எளிதில் வாய்த்த வெற்றி என்றோ அதற்குப் பிறகு எல்லாம் நலமே நடந்தது என்றோ நான் சொல்லவரவில்லை. லாண்ட்ரி 2024 ஜனவரியில் மாநில ஆளுநரானார். ஆட்சிக்கு வந்த கையோடு கூட்டிய விசேட கூட்டத்தொடரில் புதிய குற்றங்களுக்கான பரோலை பெரும்பாலும் ஒழித்தார். 17 வயதினரை மீண்டும் வயதுவந்தோராக நடத்தும் சட்டத்தையும் கொண்டுவந்தார். சீர்திருத்தம் என்பது ஒரு தடவை கட்டிவிட்டுப் பூட்டிவைக்கக்கூடிய வீடு அல்ல என்பதற்கு லூசியானாவை விடவும் வேறு சான்று தேவையில்லை. எனினும், சிறுவர்களை வயதுவந்தோருக்கான நீதிமன்றங்களில் விசாரிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலை நீட்டுவதற்கு அவருடைய தரப்பு முன்வைத்த அரசியலமைப்புத் திருத்தத்தை 2025 மார்ச்சில் அதே வாக்காளர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். 2018 இல் தெருவில் இறங்கிய அமைப்புகள் கலைந்துபோகவில்லை என்பதே அதன் பொருள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2018 இன் திருத்தத்தில் ஒரு வரி இருந்தது. 2019 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின்னர் இழைக்கப்படும் குற்றங்களுக்கே அது பொருந்தும். அந்தத் திகதியைப் போடாமல் இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்திருக்காது என்று சொல்லப்பட்டது. அதை நான் நம்புகிறேன். ஆனால், அந்த விலையைக் கொடுத்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் அல்ல, உள்ளே இருந்த கைதிகள். 2020 ஏப்ரல் 20 ஆம் திகதி ராமோஸ் வழக்கில், பாரதூரமான குற்றங்களுக்கு ஏகமனதான தீர்ப்பு எல்லா மாநிலங்களிலும் கட்டாயம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. ஜூரிகள் விடயத்தில் ஏகமனதை வலியுறுத்திய நீதியரசர்கள் தாங்களே பிளவுபட்டுத்தான் அதைச் சொன்னார்கள் என்பது தனிக்கதை. பத்துக்கு இரண்டு என்று ஆயுள்தண்டனை பெற்றிருந்த ராமோஸ், 2023 இல் நடந்த மறுவிசாரணையில் பன்னிரண்டு பேரினாலும் விடுதலை செய்யப்பட்டார். அந்த இரண்டு பேரின் 'இல்லை' எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

மேன்முறையீடுகள் முடிந்துபோன பழைய கைதிகளுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று 2021 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றம் கூறியது. மாநிலங்கள் விரும்பினால் தாமாக நிவாரணம் கொடுக்கலாம். ஓரிகன் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் கொடுத்தது. லூசியானாவின் உயர் நீதிமன்றம் அதே வருடம் ஒக்டோபரில் மறுத்தது. பிளவுபட்ட தீர்ப்புகளுடன் லூசியானாவின் சிறைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை 1,500 க்கும் அதிகம் என்று அவர்களுக்காக வாதாடிய சட்டத்தரணிகள் கணக்கிட்டிருந்தார்கள். இனவாதத்தில் பிறந்த விதி என்று மாநிலமே ஒப்புக்கொண்டு நீக்கிய ஒரு விதியின் கீழ் தண்டிக்கப்பட்ட மனிதர்களை, தண்டித்தது தண்டித்ததுதான் என்று உள்ளேயே வைத்திருப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இனி எமது பக்கம். இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மேல் நீதிமன்றத்தின் ஜூரிகள் சபைக்கு ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை தீர்ப்புக்குப் போதும். எந்த மொழி பேசும் ஜூரிகள் பட்டியலில் இருந்து சபை தெரிவுசெய்யப்படவேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை எதிரிக்கு உண்டு. தன்னுடைய மொழியில் விசாரிக்கப்படும் உரிமை நல்ல உரிமைதான். ஆனால், இந்த நாட்டில் அது எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைக் குமாரபுரம் காட்டியது. 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் அதிகமான தமிழர்கள் கொல்லப்பட்டனர். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது வருடங்களுக்குப் பிறகு, 2016 ஜூலையில், சிங்களம் பேசும் ஜூரிகள் சபை இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுதலை செய்தது. அதே வருடம் நத்தாருக்கு முந்திய நள்ளிரவில், 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கிலும் சிங்களம் பேசும் விசேட ஜூரிகள் சபை எதிரிகளை விடுதலை செய்தது.

ஐந்துக்கு இரண்டு என்ற விதியை மாற்றியிருந்தால் இந்தத் தீர்ப்புகள் மாறியிருக்கும் என்று வாதிடுவதற்கில்லை. லூசியானாவில் ஜூரிகளின் ஆசனத்தில் இருந்த சிறுபான்மையினரின் குரல் எண்ணப்படவில்லை. எமது இந்த இரு வழக்குகளிலோ கொல்லப்பட்டவர்களின் சமூகத்தவர் எவரும் அந்த ஆசனத்துக்கு அருகில்கூட வரவில்லை. மொழி என்ற வாசல் வழியாகவே அது நடந்து முடிந்துவிட்டது.

அதே 1979 ஆம் ஆண்டில்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்படுகிறவருக்கு ஜூரிகள் கிடையாது. மேல் நீதிமன்ற நீதிபதி தனியாக இருந்து விசாரிப்பார். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பும் எதிரியின் தலையில். ரவிராஜ் வழக்கில் ஜூரிகள் விசாரணைக்கு அவரது குடும்பத்தின் சார்பில் ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டபோது, குற்றப்பத்திரத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. ஆட்சேபம் எடுபடவில்லை. ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு சட்டங்கள். ஒன்றின் சலுகை யாருக்குக் கிடைத்தது, மற்றதன் சுமை யார் மீது விழுந்தது என்பதை எமது மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். அறிந்திருப்பது வேறு, எண்ணிக் காட்டுவது வேறு.

2022 செப்டெம்பரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரி காங்கேசன்துறையில் இருந்து அம்பாந்தோட்டை வரை ஊர்தியில் சென்று கையெழுத்துச் சேகரித்தார்கள். தெற்கிலும் மக்கள் கையெழுத்திட்டார்கள். 1971 ஐயும் 1988-89 ஐயும் கண்ட சிங்களக் கிராமங்களுக்குப் பொலிஸ் வாக்குமூலம் என்றால் என்னவென்று எவரும் வகுப்பெடுக்கவேண்டியதில்லை. அந்தப் பயணத்தை நான் மதிக்கிறேன். லூசியானாவின் டார்ப்லி தேடிப்போன வாசலும் அத்தகையதுதான். ஆனால், ஊர்தியில் கையெழுத்துத் தாள் இருந்த அளவுக்குக் கணக்குத் தாள் இருக்கவில்லை. எத்தனை பேர் வாக்குமூலத்தை மாத்திரம் வைத்துத் தண்டிக்கப்பட்டார்கள், எத்தனை வாக்குமூலங்களை நீதிபதிகள் நிராகரித்தார்கள், தீர்ப்புக்கு முன்னர் எத்தனை வருடங்கள் விளக்கமறியலில் கழிந்தன, எந்த மொழியில் வாக்குமூலம் எழுதப்பட்டது என்பதை எல்லா மேல் நீதிமன்றங்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுவாரியாகக் காட்டும் ஓர் அட்டவணையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஜூரிகள் விசாரணைகளுக்கும் அப்படியே. அறிக்கைகள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை பாதிக்கப்பட்ட ஒரு சிலரின் கதைகளை நன்றாகச் சொல்பவை. அட்டவணை அவற்றுக்குப் பதிலாக வேண்டும் என்று கேட்கவில்லை, பக்கத்தில் வேண்டும்.

இலங்கையில் மக்கள் மனுப்போட்டு ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி கிடையாது என்பார்கள். உண்மை. லூசியானாவிலும் அந்த வழி கிடையாது. சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டைத் தாண்டித்தான் அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் சட்டம் படிக்கும் எமது பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது நல்லூருக்கும் கீரிமலைக்கும் போகட்டும். இரண்டு வாரங்களை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ அனுராதபுரத்திலோ உள்ள மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலும் செலவிடலாம். திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட தீர்ப்பு இரகசியமல்ல. அனுமதிக் கடிதம் ஒன்று, உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரின் துணை, கொப்பி ஒன்று. முதலில் ஒரே நீதிமன்றம், ஒரே ஆண்டு, தீர்ப்பு, திகதி, மொழி, ஜூரிகள் இருந்தால் எத்தனைக்கு எத்தனை.